இரத்தினேஸ்வரிக்கு வந்த கனடா றக்கெட்

இரத்தினேஸ்வரிக்கு நாற்பத்தெட்டு வயது. திருகோணமலைப் பட்டினத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் முறைப்பாட்டு மேசை அவளுடையது. கடிதம் வந்து சேரவில்லை, பெயரில் எழுத்து மாறிவிட்டது, போன கிழமை வரச்சொன்ன ஐயா இந்தக் கிழமை லீவில் நிற்கிறார் என்று கத்திக்கொண்டு வருகிறவர்கள் எல்லோரும் கடைசியில் அவளுக்கு முன்னால்தான் வந்து நிற்பார்கள். வேறு யாராவது என்றால் ஒரே மாதத்தில் இடமாற்றம் கேட்டு ஓடியிருப்பார்கள். இவள் பதினெட்டு வருடமாக அதே கதிரையில் இருக்கிறாள்.

இப்படிப்பட்டவள் டெனிஸ் விளையாடப் போனதற்குக் காரணம் சீனி. ஆறு வருடத்துக்கு முன் இரத்தத்தில் சீனி ஏறிவிட்டது, தினமும் நடக்க வேண்டும் என்றார்கள். நடக்கலாம்தான். ஆனால் அவள் குடியிருக்கிற லிங்கநகரில் ஒரு பெண் சப்பாத்துப் போட்டுக்கொண்டு தனியே நடந்து பாருங்கள். படலைக்குப் படலை ஆள் நின்று, "என்ன, சீனியோ?" என்று கேட்கும். மூன்றாம் நாளே இரத்தினேஸ்வரிக்கு வெறுத்துப் போய்விட்டது.

பட்டினத்தில் உத்தியோகத்தர் கழகத்துக்கென்று பழைய டெனிஸ் கோர்ட் ஒன்று உண்டு. அங்கே ஜெஸீமா என்ற கணித ஆசிரியை ஜோடிக்கு ஆள் கிடைக்காமல் சுவரோடு பந்தடித்துக்கொண்டிருந்தாள். இரத்தினேஸ்வரியை விட எட்டு வயது இளையவள். நெடுவல். வலைக்குப் பக்கத்தில் நின்றால் பந்து தாண்டிப் போகாது.

"அக்கா, நீங்க பின்னால நிண்டு வாற பந்தைத் திருப்பி அனுப்புங்க, போதும். மிச்சத்தை நான் பாக்கிறன்" என்றாள்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து சனியும் ஞாயிறும் பின்னேரம் நாலரைக்கு இரத்தினேஸ்வரி எங்கே என்று யாரும் தேடத் தேவையில்லை. வீட்டில் அவள் சமைக்கிறவள், கந்தோரில் ஏச்சு வாங்குகிறவள். அந்த ஒன்றரை மணித்தியாலம் மட்டும் அவள் யாருக்கும் எதுவும் செய்து கொடுக்கவில்லை. தனக்காக ஓடினாள், தனக்காக வேர்த்தாள். அது அவளுக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அவளே வெளியில் சொன்னதில்லை.

ஐந்து வருடத்துக்கு மேலாகக் கழகத்துப் பொது றக்கெட்டால்தான் விளையாடினாள். பெயின்ற் உரிந்து, நரம்பெல்லாம் தளர்ந்த கிழட்டு றக்கெட். அதை ஒருநாள் வீடியோ அழைப்பில் கண்டுவிட்டான் கனடாவில் இருக்கும் அவளுடைய தம்பி தர்மிகன்.

"என்னக்கா இது? அப்பளம் பொரிக்கிற கரண்டியோ?"

இரண்டு மாதத்தில் புது றக்கெட் வந்து இறங்கியது. கறுப்பும் சிவப்பும். கடைக்காரனிடம் போய், "இருக்கிறதுக்குள்ள திறமானதைத் தா" என்று கேட்டு வாங்கியிருக்கிறான். யாருக்கு, என்ன வயது, எப்படி ஆடுகிறவள் என்று கேட்பதெல்லாம் அவனுக்குத் தோன்றவேயில்லை. வெளிநாட்டில் இருந்து வந்தது, அதற்கு மேல் என்ன பேச்சு! இரத்தினேஸ்வரி அதைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள். பெட்டியில் இருந்து எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படியே வைத்திருந்தாள்.

ஆனால் அது வந்த நாளில் இருந்து ஆட்டம் படுத்துவிட்டது. அடித்த பந்தில் பாதி வலையில், பாதி வேலிக்கு வெளியே. முழங்கை நோகத் தொடங்கியது, பிறகு மணிக்கட்டு, பிறகு தேங்காய் துருவக்கூட ஏலாமல் போனது. றக்கெட்டில் பிழை இருக்கும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை. இவ்வளவு நல்ல றக்கெட்டுக்கு இந்தக் கை தகுதியில்லை என்றுதான் நினைத்தாள். ஒன்பது மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினாள்.

இந்த நேரம் பார்த்துத்தானா அனுஷியா டொக்டர் மாற்றலாகி வர வேண்டும்? இருபத்தொன்பது வயது. அடித்தால் பந்து சீறும். ஒரு சனிக்கிழமை கழகத்துத் தண்ணீர்க் குழாயடியில் டொக்டர் ஜெஸீமாவிடம் கேட்டது, சுவருக்கு இந்தப் பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்த இரத்தினேஸ்வரியின் காதில் விழுந்தது.

"மிஸ், ஐப்பசியில மாகாணப் போட்டி வருது. என்னோட ஜோடி சேருவீங்களா?"

ஜெஸீமா குழாயை இறுக்கி மூடினாள். பிறகு, "கழகத்து ஆட்டம் முடியட்டும் டொக்டர். பிறகு சொல்றன்" என்றாள்.

இரத்தினேஸ்வரி ஈர முகத்தோடு நின்று விரல்விட்டு எண்ணினாள். கழகத்து வருடாந்த ஜோடி ஆட்டத்துக்கு இன்னும் மூன்று கிழமை இருந்தது. எதிரில் ஆடப்போவதே இந்த டொக்டரும் ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தியும்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை இவள் சொதப்பினால் ஜெஸீமா அந்தப் பக்கம் போய்விடுவாள். போனால் நாற்பத்தெட்டு வயதுச் சீனிக்காரியோடு ஜோடி சேர வேறு யார் வரப்போகிறார்கள்?

வீட்டில் கணவர் குணரத்தினத்திடம் சொன்னாள். புல்மோட்டைக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வருகிற மனுசன், களைத்துப்போய் இருந்தார்.

"அப்ப விடுமன். கையும் நோகுது எண்டுறீர்."

"இதையும் விட்டா எனக்கெண்டு என்ன இருக்கு?" என்று கேட்டாள். குணரத்தினம் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"அப்ப அந்த றக்கெட்டை ஆரிட்டையாவது காட்டுமன். மோட்டார் ஓடாட்டி மெக்கானிக்கிட்டத்தானே போறம்."

மனுசன் எப்போதாவது ஒருமுறைதான் இப்படி வாயைத் திறப்பார். திறந்தால் உருப்படியாக ஒன்று வரும்.

துறைமுகப் பக்கம் வலையும் தூண்டிலும் விற்கிற கடை ஒன்றைக் கிண்ணியா றஊப் நடத்துகிறான். முப்பத்தைந்து வயது இருக்கும், வாய் ஓயாது. கடையின் ஒரு மூலையில் பட்மின்ரன் றக்கெட்டுக்கு நரம்பு கட்டுகிற இயந்திரம் வைத்திருந்தான். டெனிஸ் றக்கெட்டும் அதில் ஏறும் என்று கழகத்தில் பேச்சு.

"தம்பி, இதை இன்னும் பலமா அடிக்கிற மாதிரி ஆக்கித் தாங்கோ" என்றாள் இரத்தினேஸ்வரி.

றஊப் றக்கெட்டை வாங்கி, குறுக்கே ஒரு அடிமட்டத்தை நிறுத்தி அதன் மேல் படுக்க வைத்தான். தலைப்பக்கம் தொபுக்கென்று சாய்ந்தது. "தலைப்பாரம்" என்று முணுமுணுத்தான். பிறகு கைப்பிடியைப் பிடித்தான். பிடித்தவன் கையை எடுத்துப் பார்த்தான். திரும்பவும் பிடித்தான்.

"அக்கா, இதென்ன வழுக்குது?"

"உறை, தம்பி."

"என்ன உறை?"

"வரேக்கை கைப்பிடியில சுத்தி வந்த பொலித்தீன். ஊத்தை படாமல் இருக்கட்டும் எண்டு விட்டிருக்கிறன். ஓரம் கிளம்பின இடத்துக்கு ரேப் ஒட்டினனான்."

"இது வந்து எத்தின மாசம்?"

"ஒம்பது."

"வேர்த்தா என்ன செய்யிற?"

"வழுக்கும்தானே. அதுக்கு இறுக்கிப் பிடிக்கிறனான்."

வேறு ஊரில் என்றால் இந்த இடத்தில் கடைக்காரன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான். றஊப் சிரிக்கவில்லை. அவனுடைய உம்மா வாங்கிய சோபா பதினொரு வருடமாகப் பொலித்தீனோடுதான் இருக்கிறது. விருந்தாளிகள் அதில் இருந்து எழும்பும்போது தோல் உரிகிற சத்தம் கேட்கும். கழகத்தில் இத்தனை பேர் பார்த்தும் ஒருவர்கூட அதைப்பற்றி வாய் திறக்காததற்கும் இதுதான் காரணம். எல்லோருடைய வீட்டு ரிமோட்டும் அப்படித்தானே இருக்கிறது!

"அக்கா, முழங்கை நோகுதா?"

"உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஆரும் சொல்லத் தேவையில்ல. இப்பிடி நசுக்கிப் பிடிச்சா யானைக்கும் கை நோகும்."

பிறகு அவளைப் பிடிக்கச் சொன்னான். விரல் நுனிக்கும் உள்ளங்கைக்கும் நடுவில் மற்றக் கையின் சுட்டுவிரல் ஒன்று போகிற அளவுக்கு இடம் இருந்தால் கைப்பிடி சரியான அளவு. இவளுக்கு இரண்டு விரல் போனது. ஆம்பிளைக் கைக்கு வாங்கிய பருமன். இன்னும் இருந்தது பிழை: நரம்பு கம்பி போல விறைப்பு, தலைப்பாரம் வேறு.

"இது பந்தை அடிச்சுக் கொல்லுற ஆளுக்குச் செஞ்சது, அக்கா. நீங்க எப்பிடி விளையாடுற?"

"நானும் அடிச்சுத்தான் விளையாடுறனான்" என்றாள் இரத்தினேஸ்வரி, கழுத்தை நிமிர்த்தி.

"இல்லையே!"

"நான் விளையாடி நீங்கள் எப்ப கண்டனீங்கள்?"

"விளையாடிக் காணல்ல. மேசையில கண்டனான்." றஊப் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துகொண்டான். "போன வருசம் உங்கட கந்தோருக்கு வந்து கத்தினது நினைவிருக்கா? மூத்த நாநாட படிவத்தை என்ட படிவம் எண்டு நினைச்சுக் கொண்டுவந்து கத்துறன். நீங்க, 'ஓம் தம்பி, இருங்கோ தம்பி, இதில என்ன பேர் இருக்கு எண்டு ஒருக்காப் பாருங்கோ தம்பி' எண்டீங்க. இன்னும் பலமாக் கத்தினன். இன்னும் மெதுவாச் சொன்னீங்க. மறுகா எனக்கே களைச்சுப் போச்சு. பிழை என்டது எண்டு விளங்கி வீட்ட போனன். நீங்க ஆரையும் அடிக்கிறதில்ல, அக்கா. வாறதெல்லாத்தையும் திருப்பி அனுப்புற ஆள். அதுக்குத் தோதா ஆக்கித் தாறன்."

இரத்தினேஸ்வரிக்கு வந்ததே ஒரு கோபம்! கழகத்து ஆம்பிளைகள் அவளைப் பகிடி பண்ணுவதே இதற்குத்தான். அவள் பந்தை உயர உயர அனுப்புவாள். "ரத்தினேஸ் அக்கா அடிச்ச பந்து கீழ வாறதுக்குள்ள ஒரு பிளேன்ரீ குடிச்சிட்டு வரலாம்" என்பார்கள். ஒருநாளாவது டொக்டர் மாதிரிச் சீறி அடிக்க வேண்டும் என்றுதான் அவள் ஒன்பது மாதமாக மல்லுக்கட்டுகிறாள். இந்தத் தூண்டில் கடைக்காரன் என்னவென்றால்! றக்கெட்டைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை றஊப் மேல் உள்ள கோபத்தையும் சேர்த்து எல்லாப் பந்தையும் சாத்தினாள். ஒன்று வேலியைத் தாண்டி, வெளியில் படுத்திருந்த, பட்டினத் தெருக்களில் மாடு போலத் திரிகிற மான் கூட்டத்துக்குள் போய் விழுந்தது. மான்கள் எழும்பிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டன. கடைசி அரை மணித்தியாலம் முழங்கை தாங்காமல், கையாலாகாமல், சும்மா உயர உயர அனுப்பினாள். அந்த அரை மணித்தியாலத்தில்தான் அவர்களுக்குப் புள்ளிகள் கிடைத்தன. எதிரே நின்றவர்கள் அண்ணாந்து பார்த்துக் கழுத்து நொந்து பந்தைத் தவறவிட்டார்கள், ஜெஸீமா முன்னால் நின்று மிச்சத்தை முடித்தாள். ஒன்றும் ஒன்றும் இரண்டு. இரத்தினேஸ்வரிக்கு விளங்கியது. விளங்கியதும் வெட்கமாகப் போய்விட்டது, ஆனால் நெஞ்சில் இருந்து ஏதோ இறங்கினது மாதிரியும் இருந்தது.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் றஊப்பின் கடைக்குப் போனாள்.

"சரி தம்பி. திருப்பி அனுப்புற ஆளுக்குச் செய்து தாங்கோ."

"முதல்ல உறையைக் கழட்டுங்க."

"நீங்களே கழட்டுங்கோ."

"நான் ஏலா. நாளைக்கு ஒரு கீறல் எண்டாலும் என்னைத்தான் ஏசுவீங்க."

அவள் ரேப்பை உரித்தாள். பொலித்தீன் சரசரவென்று கழன்று வந்தது. உள்ளே கைப்பிடி புத்தம் புதிதாக, புதுச் சப்பாத்து மணத்தோடு இருந்தது. ஐயோ, இனி இது பழசாகிவிடுமே என்று ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு வெறுங்கையால் பிடித்தாள். வழுக்கவில்லை. விரல்களைத் தளர்த்தினாள், அப்போதும் விழவில்லை. அட கடவுளே, ஒன்பது மாதம்! தன்னைத் தானே குட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேலை. றஊப் தடித்த சுற்றை உரித்தெடுத்துவிட்டு மெல்லிய சுற்று ஒன்றைப் போட்டான். இப்போது சரியாக ஒரு விரல்தான் போனது. அடுத்ததாகக் கத்தரிக்கோலை எடுத்து நரம்பை நறுக் நறுக்கென்று வெட்டியபோது, தம்பி கனடாவில் இருந்து பார்க்கிறானோ என்று இரத்தினேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். "இதில தங்கூசி போட ஏலாதோ தம்பி?" என்று கேட்டும் பார்த்தாள். கடை முழுக்க மீன்பிடி நைலோன் சுருள் சுருளாகத் தொங்கினால் யாருக்கும் அந்த எண்ணம் வரும்தானே.

"போட ஏலும். நீங்க சூரை மீன் பிடிக்கிறதெண்டா" என்றான் றஊப்.

கொழும்பு பஸ்ஸில் மிருதுவான நரம்பு வரவழைத்து, முன்பு ஐம்பத்தெட்டு றாத்தல் இழுவையில் இருந்ததை நாற்பத்தொன்பதுக்கு இறக்கிக் கட்டினான். இழுவை குறைந்தால் நரம்பே பந்தைத் தள்ளிக் கொடுக்கும், கை பலம் போட வேண்டியதில்லை; குறி கொஞ்சம் பிசகும், அதைப் பழகிக்கொள்ள வேண்டும் என்றான். தலைப்பாரத்துக்கு அவன் செய்த மருந்துதான் வேடிக்கை. வலையின் அடியில் கட்டுகிற ஈயக் குண்டுகள் நாலை எடுத்துச் சுத்தியலால் தட்டித் தகடாக்கி, கைப்பிடியின் அடியில் சுற்றுக்குள் வைத்து ஒட்டினான்.

"ஏற்கெனவே பாரம். இன்னும் பாரம் வைக்கிறீங்களோ?" என்று சண்டைக்குப் போனாள் இரத்தினேஸ்வரி.

"தூக்கிப் பாருங்க."

தூக்கினாள். தராசில் பாரம் கூடியதுதான், ஆனால் தலை இலேசாகிவிட்டது. கடைக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் நின்று சுவரோடு பத்துப் பந்து அடித்தாள். கொஞ்சம் இழுக்குது என்றாள். ஒரு தகட்டைக் கழற்றினான். இப்போது அவசரப்படுகிறது என்றாள். பாதித் தகடு வைத்தான். இப்படியே மூன்று நாள் சாப்பாட்டு நேரம் போனது. மூன்றாம் நாள் ஒரு பந்து நரம்பின் நடுவில் பட்டபோது முழங்கையில் ஒன்றுமே தெரியவில்லை. அவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னக்கா, இன்னும் சரி வரல்லையா?"

"இல்லைத் தம்பி. நோகேல்லை" என்றாள். கண் கலங்கிவிட்டது. றஊப் ஈயத்தைப் பொறுக்குகிறவன் போலக் கீழே குனிந்துகொண்டான்.

கழகத்து ஆட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை கச்சான் காற்று, அதுதான் இந்தப் பக்கத்து ஆடி மாத மேல்காற்று, கோர்ட்டின் நீளத்துக்கு ஊதியது. முதல் ஐந்து கேமில் நாலை டொக்டர் துவைத்து எடுத்தாள். இரத்தினேஸ்வரி காற்றோடு அடித்த பந்தெல்லாம் பின்கோட்டைத் தாண்டிப் போனது. பக்கம் மாறினார்கள். இப்போது காற்று எதிரே. அவள் உயர அனுப்பின பந்து மேலே போய், காற்றில் தயங்கி, டொக்டரின் தலைக்குப் பின்னால் செங்குத்தாக இறங்கியது. டொக்டர் ஓடிப்போய்ச் சீறி அடித்தாள். திரும்பி வந்தது. இன்னும் பலமாக அடித்தாள். இன்னும் உயரத்தில் திரும்பி வந்தது. ஆறாவது தரம் டொக்டர் வலையில் கொண்டுபோய்க் குத்தினாள். வேலியோரம் ஆம்பிளைகள் பிளேன்ரீயை மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒன்றுக்கு நாலில் இருந்தது மூன்றுக்கு நாலாகி, ஐந்துக்கு ஐந்தாகிவிட்டது.

கடைசிக் கேம் தொடங்கும்போது ஐந்துக்கு ஆறு. கடைசிப் புள்ளியில் மட்டும் பந்து இருபது தரமாவது வலையைக் கடந்திருக்கும். இரத்தினேஸ்வரி மறுபடியும் உயர அனுப்பினாள். எல்லோரும் அண்ணாந்தார்கள். பந்து இறங்கி, கோட்டுக்கு நாலு விரல் வெளியே விழுந்தது.

தோல்வி. அவளுடைய பந்தால்தான். ஆனாலும் இரத்தினேஸ்வரி சிரித்துக்கொண்டே போய்க் கை கொடுத்தாள். ஒன்பது மாதத்துக்குப் பிறகு இப்படி ஆடியிருக்கிறாள், அவளுக்கு வேறு ஒன்றும் நினைவில் இல்லை. கோர்ட்டோர வாங்கில் வந்து உட்கார்ந்து, துவாயால் முகத்தைத் துடைத்த பிறகுதான் டொக்டர் கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. சிரிப்பு அப்படியே வாடிவிட்டது.

ஜெஸீமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, ஒரு விசயம். டொக்டர் என்னை ஜோடிக்குக் கேட்டவ."

"தெரியும். குழாயடியில காதில விழுந்தது."

"கேட்டீங்களா? மூணு கிழமையா ஏன் ஒண்டும் சொல்லல்ல?"

"நான் என்னத்தைச் சொல்ல? உங்கட விருப்பம்தானே."

"என்ட விருப்பமா!" ஜெஸீமாவுக்குக் குரல் உயர்ந்தது. "ஒம்பது மாசமா முழங்கையைப் பொத்திக்கொண்டு வாறீங்க. ஒரு சிரிப்பில்ல. முடிஞ்ச உடனே ஓடிடுறீங்க. உங்களுக்கு விளையாட்டு வெறுத்துப் போச்சு, என்னைத் தனிய விட மனமில்லாம வாறீங்க எண்டுதான் நான் நினைச்சன். டொக்டரோட சேர்ந்தா நீங்க நிம்மதியா நிப்பாட்டலாம் எண்டு பாத்தன். அதுக்குத்தான் ஓம் சொல்ல இருந்தன்."

கேளுங்கள் கதையை. ஒருத்தி போய்விடுவாளோ என்று மற்றவள் பயந்துகொண்டிருக்க, இவள் அவளுக்கு விடுதலை கொடுக்க வழி தேடியிருக்கிறாள்! இரண்டு படித்த பெண்கள், கிழமைக்கு இரண்டு நாள் பக்கத்தில் பக்கத்தில் நின்றும், வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இன்னும் பதில் சொல்லல்ல. என்ன சொல்லுற, அக்கா?"

'உங்களுக்கு எது வசதியோ அப்படிச் செய்யுங்கோ' என்பது இரத்தினேஸ்வரியின் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பதினெட்டு வருடம் மேசையில் சொல்லிப் பழகிய வார்த்தை. வீட்டிலும் அதைத்தான் சொல்வாள். வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"என்ட இடம் அது, ஜெஸீமா! ஆருக்கும் குடுக்கேலாது. டொக்டர் வேற ஆளைப் பாக்கட்டும்!"

மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள். ஆனால் கோர்ட் முழுக்கக் கேட்டுவிட்டது. வேலியோரம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். குழாயடியில் தண்ணீரை ஏந்திக்கொண்டு நின்ற டொக்டர், கையில் இருந்த தண்ணீர் முழுவதும் ஒழுகும்வரை அப்படியே நின்றாள்.

"கேட்டுது, அக்கா," என்றாள் டொக்டர் சிரித்துக்கொண்டு. "குடாவுக்கு அந்தப் பக்கம் மூதூருக்கும் கேட்டிருக்கும்."

ஜெஸீமா இரத்தினேஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவில்லை, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இரத்தினேஸ்வரிக்குக் காது வரை சூடாகிவிட்டது. ஆனாலும், சொன்ன ஒரு சொல்லையும் அவள் திருப்பி எடுக்கவில்லை.